சமையல் போட்டியில ஜெயிக்கிறது கையா, கடிகாரமா?

முகப்புத்திண்ணை (காரைக்குடி)

நடுவர்கள் மூணு பேர் உட்கார்ந்திருந்தாலும் தீர்ப்பு சொல்றது சுவத்துக் கடிகாரம்தான். இதுதான் என் வழக்கு. மாஸ்டர் செஃப் 1990ல பிபிசியில ஆரம்பிச்ச நிகழ்ச்சி. ஆனா 2009ல ஆஸ்திரேலியாவுல எடுத்த பிறகு வந்த அச்சுதான் இப்ப எல்லா ஊருக்கும்: மர்மப் பெட்டி (திறந்தாத்தான் என்ன சாமான்னு தெரியும்), பிரஷர் டெஸ்ட் (தோத்தா வெளியேறுற நெருக்கடிச் சுத்து), கடைசிப் பத்து நொடியை எல்லாரும் கோரஸாக் கத்தி எண்றது. 2021ல விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில தமிழ்ல வந்ததும் அதே அச்சுதான்.

அந்த அச்சுக்குள்ள நம்ம ஊர்ச் சமையலைத் திணிக்கிறப்ப என்ன ஆகுதுன்னு உப்புக்கறியை வச்சுப் பாருங்க. அரைக் கிலோ ஆட்டுக்கறி, 150 கிராம் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, விதை உதறின குண்டு மிளகாய் 15, மஞ்சள், கல்லுப்பு, நல்லெண்ணெய். அவ்வளவுதான், மசாலாவே கிடையாது. கறி விடுற தண்ணியிலயே கறி வேகணும். தட்டைப் போட்டு மூடி, தணல் அளவுத் தீயில, அப்பப்ப ஒரு கை தண்ணி தெளிச்சு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாம ஆகும். முத்தின கறின்னா இன்னும் கூட.

60 நிமிஷம்தான்னு சொன்னா போட்டியாளர் குக்கரைத்தான் எடுப்பாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அஞ்சு விசில்ல கறி வெந்துரும். ஆனா குக்கருக்குன்னு ஊத்தின தண்ணியும் கறி விட்ட தண்ணியும் அப்படியே நிக்கும். அதை வத்த வைக்கப் பெரிய தீயில கிளறினா, ஏற்கனவே வெந்த கறி நார் நாராப் பிரியும். மிளகாய்த் தோல் உரிஞ்சு தனியா மிதக்கும், வெங்காயம் கூழாயிரும். நடுவர் ஒரு வாய் வச்சுட்டு “காரம் உள்ள இறங்கல”ம்பாரு. எப்படி இறங்கும்?

அதனாலதான் “செட்டிநாடு”ன்னு பேர் வச்சாலே எல்லாரும் கோழிக்கு ரெண்டு கரண்டி மிளகை அள்ளிக் கொட்டிட்டு வந்து நிக்கிறாங்க. மிளகுதான் முப்பது நிமிஷத்துல முகத்தைக் காட்டுற சரக்கு.

கல்பாசி

அண்ணே, நேரம் பாதிக் காரணம்தான். மிச்சம் பாதி வறுக்கிற வரிசை.

டிவியில பத்துக்கு எட்டுப் பேர் வறுக்கிற சாமானை எல்லாம் ஒரே வாணலியில ஒரே நேரத்துல கொட்டுறாங்க. மல்லி பருமன். அது சிவக்கிறதுக்குள்ள சோம்பும் சீரகமும் கருகிரும், கசகசாவைப் பத்திச் சொல்லவே வேண்டாம். மல்லியும் மிளகாயும் ஒரு ஈடு. மிளகு, சோம்பு, சீரகம் அடுத்த ஈடு. பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ சூடு ஏறுற வரைக்கும் ஒரு பிரட்டு. தேங்காய் கடைசியா, தனியா. கசகசாவை அடுப்பை அணைச்ச பிறகு அந்தச் சட்டிச் சூட்டுலயே போட்டு எடுத்தாப் போதும்.

அரைக் கிலோ கோழிக்குக் கணக்குன்னா: மல்லி ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு ஒன்றரை, சீரகம் அரை, பட்டை ரெண்டு விரக்கடை (விரல் அகலம்), கிராம்பு மூணு, மராட்டி மொக்கு ஒன்னு, அன்னாசிப்பூ பாதி. சோம்பு மிளகைவிடக் கூடுதலா இருக்கிறதைக் கவனிங்க. செட்டிநாட்டு வாசனையில முன்னால வந்து நிக்கிறது சோம்பு. மிளகு அதுக்குப் பின்னாலதான்.

அப்புறம் என் பேர்ல இருக்கிற சாமான், பாறையிலயும் மரப்பட்டையிலயும் படர்ற பாசி. கல்பாசியைக் கையில வச்சு மோந்தா காஞ்ச சருகு மாதிரி இருக்கும், பெருசா ஒன்னும் தெரியாது. சூடான எண்ணெய்ல பட்டாத்தான் வாய் திறக்கும். போட்டியாளர் மோந்து பாக்குறாரு, வாசனை இல்ல, “இன்னும் கொஞ்சம்”னு ஒரு பிடி போடுறாரு. அரைக் கிலோவுக்கு ரெண்டு சிட்டிகை தாண்டினாக் குழம்புல மண் வாடையும் அடிநாக்குல கசப்பும் வந்து உட்கார்ந்துக்கும். அப்புறம் என்ன ஊத்தினாலும் போகாது. அந்தப் பாசியில மரப்பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும், உதறிக் கிள்ளிப் போடணும். இதைக் கேமரா முன்னாடி ஒருத்தர் செஞ்சு நான் பாத்ததில்ல.

தேவகோட்டைரஸ்தா

திண்ணை அண்ணன் கடிகாரத்து மேல ரொம்பத்தான் கோபப்படுறாரு. கடிகாரம் இல்லாத சமையல் எங்க இருக்கு? நம்ம கல்யாண வீட்டுல காலைப் பலகாரம் ஏழு மணிக்கு இலைன்னா ஏழு மணிக்கு இலை. தவசிப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்) “கறி இன்னும் இறங்கல”ன்னு சொல்ல முடியுமா? நூறு பேர் எந்திரிச்சு அடுத்த நூறு பேர் உக்கார்றதுக்குள்ள அடுத்த ஈடு பணியாரம் வந்தாகணும். இதைவிடப் பெரிய பிரஷர் டெஸ்ட் எந்த டிவியிலயும் இல்ல.

வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. தவசிப்பிள்ளைக்குக் கடிகாரம் முதல் நாள் சாயங்காலம் ஆரம்பிக்குது. ஊறப்போடுறது, உரிக்கிறது, அரைக்கிறது எல்லாம் ராத்திரியே முடிஞ்சிரும். காலையில நடக்குறது அடுப்பு வேலை மட்டும்தான். டிவியில கடிகாரம் பூண்டு உரிக்கிறதுல ஆரம்பிக்குது. ‘சாப்டு’ (Chopped, அமெரிக்கச் சமையல் போட்டி, 2009ல வந்தது) இன்னும் மோசம். முதல் சுத்துக்கு 20 நிமிஷம், அடுத்த ரெண்டுக்கும் 30, 30. அதுக்குள்ள கூடையில இருக்கிற சம்பந்தமில்லாத நாலு பொருளையும் உள்ள கொண்டு வரணும். வெட்டி வதக்கித் தட்டுல வைக்கிற சமையலுக்கு அது ஓடும். ஊறுறது, அரைபடுறது, வத்துறதுன்னு நடக்கிற சமையலுக்கு ஓடாது.

ஆக, கடிகாரத்தைத் தூக்க வேண்டாம். அது எப்ப ஓட ஆரம்பிக்கணும்ங்கிறதை மாத்தினாப் போதும்.

கோட்டையூர்த்தம்பி

நம்ம இனிப்பு, கவுனி அரிசியை (கறுப்பு அரிசி) ஒரு மணி நேரத்துல முடிக்கவே முடியாதா? குக்கர்ல பதினஞ்சு விசில் விட்டா?

இரண்டாங்கட்டு

தம்பி, ஊறாத கவுனிக்குப் பதினஞ்சு விசில் விட்டாலும் மேல் தோல் ரப்பராத்தான் இருக்கும். முதல் நாள் ராத்திரியே ஊறணும், எட்டு மணி நேரம். ஊறின தண்ணியைக் கொட்டிராம அதுலயே வேக வைக்கணும், கருஞ்சிவப்பு நிறம் பாதி அந்தத் தண்ணியிலதான் இருக்கு. ஒரு பங்கு அரிசிக்கு மூணரை, நாலு பங்கு தண்ணி.

போட்டியில கவுனி தோக்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நேரம் போகுதுன்னு பாதி வேக்காட்டுலயே சர்க்கரையைப் போட்டுருவாங்க. சர்க்கரை பட்டுச்சுன்னா அரிசி அதுக்கு மேல வேகாது, அப்படியே விறைச்சு நின்னுரும். விரல்ல நசுக்கினாக் கட்டி இல்லாம மசியணும், அப்புறம்தான் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய்.

ரிமோட்கையில்

உங்க சண்டைக்கு வெளிநாட்டுக்காரன் ஏற்கனவே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். 2010லருந்து ஓடுற தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்ங்கிற பேக்கிங் போட்டியில டெக்னிக்கல் சுத்துன்னு ஒன்னு உண்டு. எல்லாருக்கும் ஒரே பண்டம், ஒரே சாமான், வேணும்னே பாதி விவரத்தை எடுத்துட்ட ஒரு குறிப்பு. செய்யும்போது நடுவர்கள் அங்க இருக்க மாட்டாங்க. யாரு செஞ்சதுன்னு தெரியாமலே ருசி பார்த்து, கடைசி இடத்துலருந்து முதலிடம் வரைக்கும் வரிசைப்படுத்துவாங்க. கண்ணீர்க் கதைக்கு அங்க மார்க் இல்ல.

நம்ம ஆளுங்க ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட இருந்து பெட்டியை வாங்கினாங்க, இதை விட்டுட்டாங்க.

இன்னொன்னு. எடிட்டிங். கத்தி வெங்காயத்தைத் தொடுறது மூணு கோணத்துல வரும், அரைச்ச மசாலா எந்தப் பதத்துல இருந்துச்சுன்னு ஒரு கோணத்துல கூட வராது. நடுவுல ஒரு தடவை போட்டியாளர் நாற்காலியில உக்காந்து “அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு”ன்னு சொல்றது. பயம் சரிங்க, புளியை எப்ப ஊத்துனீங்க?

இரண்டாங்கட்டு

அந்த மாதிரி சுத்து நம்ம ஊருக்கு வச்சா வெள்ளைப் பணியாரம்தான் வைக்கணும். சாமானோ அரிசியும் உளுந்தும். மசாலா போட்டு மறைக்க இடமே கிடையாது.

200 கிராம் பச்சரிசி, 20 முதல் 25 கிராம் உருட்டு உளுந்து, சேர்த்தே ரெண்டு மணி நேரம் ஊறணும். தண்ணியைச் சுத்தமா வடிச்சிட்டு, தெளிச்சுத் தெளிச்சு வெண்ணெய் மாதிரி அரைக்கணும். விரல்ல தேய்ச்சா நொறநொறன்னு தட்டக் கூடாது. மிக்ஸின்னா ஒரேயடியா ஓட விடாம நிறுத்தி நிறுத்தி, குளிர்ந்த தண்ணி விட்டு அரைக்கணும், இல்லன்னா மாவு சூடாயிரும். உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ரெண்டு மேசைக்கரண்டி காய்ச்சி ஆறின பால். தோசை மாவுப் பதம். புளிக்க வைக்கவே கூடாது, அரைச்ச கையோட சுடணும்.

சின்ன இரும்புச் சட்டியில ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு எண்ணெய். காஞ்சதும் தீயை நடுவாந்திரமா வச்சு, ஒரு குழிக்கரண்டி மாவைச் சட்டிக்கு நடுவுல ஒரே ஊத்தா ஊத்தணும். முதல்ல அடியில இறங்கும், அப்புறம் மேல வந்து நடு உப்பும். கண்கரண்டியால மேல எண்ணெயைத் தள்ளி விட்டு, ஓரம் லேசா விறைச்சதும் திருப்பி, நிறம் ஏறுறதுக்குள்ள எடுத்துரணும். ஒரு தடவைக்கு ஒன்னுதான்.

தட்டைப் பாத்தே என்ன தப்புன்னு சொல்லிரலாம், நடுவருக்கு ரொம்பச் சௌகரியம். எண்ணெய் குடிச்சுத் தொங்குதா, உளுந்து கூடிருச்சு இல்ல மாவு நீர்த்துப் போச்சு. விறைச்சு அப்பளமாட்டம் இருக்கா, உளுந்து பத்தல. உப்பாம தட்டையா இருக்கா, மாவு நறநறப்பா இருந்திருக்கும் இல்ல எண்ணெய் காயல. ஓட்டை ஓட்டையா இருந்து லேசாப் புளிச்சா, மாவு ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்திருக்கு. சிவந்துட்டா, தீ கூடிருச்சு இல்ல பாலும் சர்க்கரையும் கூடிருச்சு.

கோட்டையூர்த்தம்பி

ஆச்சி, பால் ஊத்தினா வெள்ளையா வரும்னுதானே சொல்லுவாங்க?

இரண்டாங்கட்டு

பணியாரம் மெத்துன்னு இருக்கத்தான் பால், நிறத்துக்கு இல்ல. பாலுக்குள்ளயே இனிப்பு இருக்கு, எண்ணெய்ல அது சிவக்கத்தான் செய்யும். ரெண்டு மேசைக்கரண்டியோட நிறுத்திக்கணும். கால் டம்ளர் ஊத்துறவங்க பணியாரத்தைப் பாருங்க, ஓரமெல்லாம் பழுப்பு வட்டம் கட்டியிருக்கும்.

கல்லாப்பெட்டி

ஆச்சி சொன்னதோட ஒன்னு சேர்க்கணும். வெள்ளைப் பணியாரம் எண்ணெயையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்துரும். கோழி பொரிச்ச எண்ணெய்ல, நேத்து எண்ணெய்ல அது வெள்ளையா வரவே வராது. மறு உபயோக எண்ணெய்ல மொத்த போலார் சேர்மம் (எண்ணெய் காயக் காய அதுல சேர்ற கெட்ட பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்து விதி 2018 ஜூலை 1லருந்து இருக்கு. அதை அளக்கக் கருவி வேணும். சாப்பிட வர்றவனுக்குக் கருவி எதுக்கு, ஒரு பிளேட் வெள்ளைப் பணியாரம் சொன்னாப் போதும்.

ஓட்டல் நிகழ்ச்சிகளைப் பத்தி இங்க யாரும் பேசல. செஃப் கார்டன் ராம்சே நொடிச்ச ஓட்டலுக்குப் போய்ச் சரி பண்ற கிச்சன் நைட்மேர்ஸ் 2004ல பிரிட்டன்ல வந்துச்சு, 2007ல அமெரிக்காவுல. கத்தலை எல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா அந்தாளு பெரும்பாலும் ரெண்டே வேலைதான் செய்வாரு. குளிர்பெட்டியைத் திறப்பாரு, மெனுவைக் கிழிப்பாரு. ரெண்டும் நம்ம நெடுஞ்சாலை “செட்டிநாடு” போர்டுகளுக்கு அப்படியே பொருந்தும்.

மெனுவுல 140 அயிட்டம் போட்டிருக்கிற கடையில 140 குழம்பா கொதிக்கும்? வெங்காயம் தக்காளி முந்திரி போட்ட ஒரே கிரேவி ஒரு அண்டாவுல இருக்கும். ஆர்டர் வந்ததும் மிளகுத்தூள் தூவினா செட்டிநாடு, பாலாடை ஊத்தினா பட்டர் மசாலா. அரைச்ச மசாலா எண்ணெய்ல வதங்கி எண்ணெய் பிரிஞ்சு வர 15 நிமிஷமாவது வேணும், தட்டு மேசைக்கு வர 12 நிமிஷம்னா அது நடக்காது. அதனாலதான் அந்த “செட்டிநாடு” சிக்கன்ல மிளகு தனியா நாக்கைச் சுடும், கிரேவி தனியா இனிக்கும். நம்ம மெஸ்கள்ல அன்னைக்கு அஞ்சாறு குழம்பு, வறுவல்தான் இருக்கும். தீர்ந்தாத் தீர்ந்ததுதான். ராம்சே வந்தாக் கிழிக்க ஒன்னும் இருக்காது.

குளிர்பெட்டி விஷயம்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமாப் பெருகும். மிச்ச அண்டாவை மூடி அப்படியே வச்சா நடுப்பகுதி ஆற ராத்திரி பூராவும் ஆகும். ஆழம் குறைஞ்ச தட்டுகள்ல ரெண்டு விரக்கடை உயரத்துக்குப் பரப்பி ஆற வச்சு உள்ள வைக்கணும். இந்த ஒரு காட்சியை எந்தத் தமிழ் நிகழ்ச்சியாவது காட்டியிருந்தா நான் கைதட்டுவேன்.

தேவகோட்டைரஸ்தா

கல்லா அண்ணே, ராம்சே ஒரு வாரத்துல கடையை மாத்திருவாருங்கிறதுதான் எனக்கு இடிக்குது. மெனுவை ஒரு ராத்திரியில மாத்தலாம், சமையக்காரர் கையை மாத்த முடியுமா?

கல்லாப்பெட்டி

முடியாது. ஆனா மெனு சுருங்கினாத்தான் கைக்கே ஒரு வாய்ப்பு கிடைக்குது.

ரிமோட்கையில்

குக்கு வித் கோமாளியை யாரும் தொடலயே, பயமா? 2019 நவம்பர்ல விஜய் டிவியில ஆரம்பிச்சது, நடுவர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும். 2024ல பட் சன் டிவியோட டாப் குக்கு டூப் குக்குவுக்குப் போனாரு. சமையல்ல ஆர்வம் இருக்கிறவங்க “அது காமெடி”ன்னு தள்ளி வச்சுர்றாங்க.

முகப்புத்திண்ணை

காமெடிதானே. மூக்கைக் கட்டிவிட்டு, கையைக் கட்டிவிட்டு சமைக்கச் சொன்னா அதுல எந்தக் கையை எடை போடுறது?

கல்பாசி

இல்லண்ணே, நான் மாறுபடுறேன். கோமாளிக்குச் சமையல் தெரியாது. அதனால குக்கு ஒவ்வொன்னையும் வாய்விட்டுச் சொல்லியாகணும். “அது வெந்தயம், கடுகு இல்ல. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகட்டும், செவக்க வேண்டாம். இப்ப புளியை ஊத்தாத, காய் வேகல.” புளி முன்னாடியே விழுந்தாக் காய் வேகாதுங்கிறது எத்தனை வீட்டுல தெரியுது? ரகளைக்கு நடுவுல அது காதுல விழுந்துருது. மாஸ்டர் செஃப்ல போட்டியாளர் வாயை மூடிக்கிட்டுச் சமைக்கிறாரு, நமக்கு வயலின்தான் கேக்குது. காமெடிக்காரங்க நிகழ்ச்சியிலதான் பாடம் நடக்குது, என்ன கூத்தோ.

இரண்டாங்கட்டு

பரிமாறுறதைப் பத்தியும் சொல்லணும். நம்ம குழம்பு எல்லாம் இலையில சோத்தைக் குழிச்சு ஊத்துறதுக்காக வச்சது. தண்ணிக்குழம்பு, இளங்குழம்பு, மண்டி எதுவும் கெட்டியா நிக்காது, நிக்கவும் கூடாது. பெரிய வெள்ளைத் தட்டுல நடுவுல ஒரு கரண்டி வச்சு ஓரத்தைத் துடைச்சுக் குடுன்னா, அது ஓடிப் போய் ஓரத்துல நிக்கும். உடனே முந்திரி அரைச்சு ஊத்துறாங்க.

வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்கங்க. ரெண்டாவது தடவை அரிசி களைஞ்ச தண்ணியிலதான் புளியைக் கரைக்கணும். முதல் கழுவுல தூசி இருக்கும், மூணாவதுல கஞ்சிப்பசை இருக்காது. சின்ன வெங்காயம், பூண்டு, கீறின மிளகாயோட வெண்டைக்காயைத் தனியா எண்ணெய்ல வதக்கி, வழுவழுப்பு போன பிறகுதான் புளித்தண்ணி. அது கொதிக்கக் கொதிக்கக் களைதண்ணியே லேசாச் சேர்த்துப் பிடிக்கும், அந்தப் பிடிப்புதான் மண்டி. முந்திரி விழுந்துச்சுன்னா புளிப்பு மழுங்கிப் போயி வேற ஊர் குருமா ஆயிரும். நடுவரும் “கிரீமியா இருக்கு”ன்னு பாராட்டுவாரு!

இலையைக் குடுங்க, இல்லன்னாக் கிண்ணத்துல குடுக்க விடுங்க.

தேவகோட்டைரஸ்தா

சூட்டையும் கணக்குல எடுக்கணும். எல்லாருடைய தட்டையும் வரிசையா வச்சு, படம் பிடிச்சு, ஒருத்தரா முன்னால வந்து பேசி முடிக்கிறதுக்குள்ள பணியாரம் சவசவன்னு போயிரும், கோலா உருண்டை மேல் மொறுமொறுப்பு போயிரும். சமைக்கும்போதே நடுவர்கள் அடுப்படிக்கு வந்து ருசி பாத்துக்கிற வழக்கம் இந்த நிகழ்ச்சிகள்ல உண்டு, அது ஓரளவு சரி பண்ணும். ஆனா பொரிச்ச சாமானுக்கு மட்டுமாவது வரிசையைப் பிரிச்சு, சுட்ட ரெண்டு நிமிஷத்துல வாய்க்குப் போற மாதிரி வைக்கணும்.

ருசி பாக்குற வரிசையே ஒரு சூதாட்டம்தான். மிளகாய்க் காரம் நாக்குல தங்கும், தண்ணி குடிச்சாப் போகாது. பாலோ தயிரோ வேணும். அஞ்சாவது தட்டு உப்புக்கறின்னா ஆறாவது தட்டு இளங்குழம்புக்காரர் தோத்தாரு. காரத்தைக் கடைசியில வைக்கணும், நடுவுல ஒரு வாய் மோர் குடிக்கணும்.

முகப்புத்திண்ணை

சரி, கடிகாரத்து மேல போட்ட வழக்கைப் பாதி வாபஸ் வாங்குறேன். ஊறின அரிசி, உரிச்ச பூண்டு, வெட்டின கறி கையில குடுத்துட்டு அதுக்கப்புறம் மணியடிச்சா ரஸ்தா சொல்றது நியாயம்தான். அந்தக் கணக்குல உப்புக்கறிக்கு 90 நிமிஷம், வெள்ளைப் பணியாரத்துக்கு 40 நிமிஷம் போதும். ஆனா பணியாரம் ஒன்னே ஒன்னு வாங்கி மார்க் போடக் கூடாது. பன்னிரண்டு கேக்கணும். முதல் பணியாரம் யாருக்கும் அமைஞ்சிரும். அஞ்சாவது ஈடு ஆகும்போது எண்ணெய்ச் சூடு ஏறியிருக்கும், மாவு அடியில கெட்டியா இருக்கும், அப்பத்தான் கை தெரியும். ஒவ்வொரு ஊத்துக்கும் முன்னாடி மாவைக் கலக்குறாங்களா, தீயைக் கூட்டிக் குறைக்கிறாங்களான்னு கேமராவும் அதைத்தான் பாக்கணும்.

கோட்டையூர்த்தம்பி

உளுந்து கணக்குல ஒரு சந்தேகம். எங்க பக்கத்துல கிராம் சொல்ல மாட்டாங்க. ஆழாக்குல (சின்ன அளவுப்படி) அரிசியைத் தலைதட்டி அளந்து, அது மேலயே உளுந்தைக் கோபுரமாக் குவிச்சா அதுதான் அளவும்பாங்க. டிவி கிச்சன்ல இருக்கிற அளவு கப்புல அப்படிக் குவிச்சா அதே கணக்கு வருமா?

இரண்டாங்கட்டு

வராது தம்பி, நல்ல இடத்தைப் பிடிச்ச. ஆழாக்கு வாய் குறுகலா உயரமா இருக்கும், மேல கொஞ்சம்தான் குவியும். வாய் அகண்ட தட்டைக் கிண்ணத்துல அரிசி அதே அளவு பிடிச்சாலும் கோபுரம் பெருசா எழும்பும். 20 கிராம் விழ வேண்டிய இடத்துல 40 விழுந்திரும், பணியாரம் எண்ணெய் குடிக்கும். ஆழாக்கு இல்லன்னா உயரமான டம்ளர்ல அளங்க. டம்ளர் வாய் அகலத்தைவிட உயரம் குறையாம இருக்கணும்.

கோட்டையூர்த்தம்பி

சரி ஆச்சி, காபி டம்ளர் எடுத்துக்கிறேன்.